மீனுக்கு எத்தனை டிஎம்சி?

போன இதழில் மலையோடைகள் மாசி தாண்டியதும் சுருங்கிப்போவதைப் பற்றி எழுதும்போது, "ஓடைத் தண்ணீரில் எல்லோரும் பங்கு கேட்கிறார்கள், மீனுக்கு மட்டும் மனு எழுதத் தெரியாது" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களுக்கே முதல் பந்தி.

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறேன். ஓடை என் நிலத்தை ஒட்டிப் போகிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு 5 எச்.பி. மோட்டார். அதனால் மீன் சாகிறது என்றால் நம்புகிற மாதிரி இல்லையே. மீனா, மனுஷனா என்று வந்தால் நீங்கள் எந்தப் பக்கம்?
(வாசகர், மேல்மலை)

உங்கள் மோட்டாரால் மீன் சாகாது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஓடையில் மோட்டார் ஒன்றுதானா என்று ஒரு நடை மேலும் கீழும் போய் எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு முன்னால் ஓடையையும் அளந்துவிடலாம், ஒன்றும் கஷ்டமில்லை. வளையாமல் ஓடுகிற இடமாகப் பார்த்து 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். மேல் குச்சிக்கு நேராக ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் விடுங்கள். தக்கையும் விடலாம்தான், ஆனால் காற்றடித்தால் அது தன் இஷ்டத்துக்குப் போகும், பழம் பெரும்பாகம் முங்கியே மிதப்பதால் தண்ணீர் போகிற வேகத்தில் போகும். கீழ்க் குச்சிக்கு வர 20 நொடி ஆனது என்று வையுங்கள், வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஓடையின் அகலம் 2 மீட்டர், ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி, 20 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 0.2 கன மீட்டர். அடியில் கல்லில் உரசிக்கொண்டு போகிற தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகப் போகும், அதனால் 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆக, நொடிக்கு 170 லிட்டர். சுமார் 6 கன அடி.

இப்போது மோட்டாருக்கு வருவோம். 5 எச்.பி. மோட்டார் 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், பம்ப் சுமாரானது என்றாலும் நொடிக்கு 9 லிட்டர் எடுக்கும். 170-ல் 9 போனால் ஓடைக்குத் தெரியவே தெரியாது. பத்து மோட்டார் ஓடினால் பாதிக்கு மேல் காலி. இருபதாவதாக மோட்டார் வைக்கிறவர் வெறும் கல்லைத்தான் உறிஞ்ச வேண்டும். அப்புறம் இன்னொரு சங்கதி, மும்முனை மின்சாரம் நேரம் வைத்து வருகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. கரண்ட் வந்ததும் ஓடை முழுக்க எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் உறுமும். ராத்திரி மூன்று மணி நேரம் ஓடை நின்றுபோய், காலையில் நீங்கள் எழுந்து வந்து பார்க்கும்போது மறுபடி சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கும். "எங்கே வற்றியது, நன்றாகத்தானே ஓடுகிறது" என்பீர்கள். மீனுக்கு அந்த மூன்று மணி நேரமே அதிகம்.

தண்ணீர் குறையும்போது ஓடை ஒரே சீராகக் குறைவதில்லை. முதலில் போவது கல்லின்மேல் நுரைத்து ஓடுகிற மேட்டுப் பகுதி. காற்று தண்ணீரில் கலப்பதே அங்கேதான், மீன் தின்கிற பூச்சிப் புழுக்கள் கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான். அது காய்ந்ததும் ஓடை தனித்தனிக் குட்டைகளாகப் பிரிந்துவிடும். குட்டைத் தண்ணீர் வெயிலில் சூடாகும், சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் நிற்கும், ஆனால் அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகமாக வேண்டும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சமிருப்பதை மீன்கொத்தியும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். நான் உங்களுக்குக் கீழே இருக்கிற நிலத்துக்காரர் பக்கம். 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் (வழிப்பாதைத் தகராறுக்கு வக்கீல்கள் எடுக்கிற அதே சட்டம்தான்) ஓடையை ஒட்டி நிலம் உள்ள ஒவ்வொருவரும் குடிக்க, வீட்டுக்கு, ஆடுமாட்டுக்கு, பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்கிறது. ஆனால் பாசனத்துக்கு எடுக்கும்போது அதே உரிமை உள்ள மற்ற நிலத்துக்காரருக்குப் பெரிய பாதகம் வரக் கூடாது என்றும் சொல்கிறது. மீனுக்குப் பட்டா கிடையாது, அதனால் இந்தச் சட்டத்தில் அது வராது. ஆனால் கடைசி நிலத்துக்காரர் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால், நடுவில் இருக்கிற மீன் அந்தத் தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்ளும்.

செய்யக்கூடியது என்ன? ஓடைக்காரர்கள் கூடி உட்கார்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு மேல் ஆறு பேர், நாளைக்குக் கீழ் ஆறு பேர் என்று. சமவெளியில் கண்மாய்த் தண்ணீருக்கு நீர்பாய்ச்சி வைத்து முறை பார்த்த ஊர்கள்தான் நாம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிறைந்து ஓடும்போது பண்ணைக்குட்டையை நிரப்பிக்கொண்டு, பங்குனி சித்திரையில் ஓடையில் கை வைக்காமல் இருந்தால் அதைவிட நல்லது. ஃபுட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனையை)ச் சுற்றி நெருக்கமான வலை கட்டுங்கள். மீன்குஞ்சு உள்ளே போகாது, உங்கள் பம்பில் இலை அடைக்காது.

கேள்வி: வருஷா வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறதே என்று நாங்கள் வயிறெரிந்து நிற்கிறோம். நீங்கள் மீனுக்குத் தண்ணீர் விடு என்கிறீர்கள். டெல்டாக்காரன் காதில் இது எப்படி விழும்?
(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

நாராசமாகத்தான் விழும், தெரியும். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ எதிர்பார்த்து நிற்கிறவரிடம் மீனைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆனால் "வீண்" என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீரை உள்ளே ஏறவிடாமல் எதிர்த்து நிற்பது இந்த 'வீணாகப் போகிற' தண்ணீர்தான். அது நின்றால் உப்பு உங்கள் ஆழ்குழாய்க்கு வரும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு உயிரோடு இருப்பதும், இறாலும் நண்டும் அங்கே குஞ்சு பருவத்தைக் கழிப்பதும், உப்பும் நன்னீரும் கலக்கிற அந்த இடத்தை நம்பித்தான்.

உல்லம் மீன் தெரியுமல்லவா, வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடுவது. கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது எதிரேறி வந்து முட்டையிடும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிக்கொண்டிருந்த மீன்தான் அது. ஆனால் அதைக் கூப்பிடுவது வெள்ளம். 1934-ல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தைப் பிடித்து வைத்ததும் அழைப்பு நின்றுபோனது, மீன் வரத்தும் தேய்ந்துபோனது. விலாங்கு இதற்கு நேர் எதிர். ஆற்றிலும் குளத்திலும் வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும், அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி, ஊசி பருமனில், திரும்ப ஆற்றில் ஏறி வரும். ஒன்றுக்கு ஏறும் வழி வேண்டும், இன்னொன்றுக்குப் போக வர இரண்டு வழியும் வேண்டும். வருஷத்தில் சில நாளாவது ஆறும் கடலும் தொட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டுக்கும் கதை முடிந்தது.

சரி, கணக்குக்கு வருவோம், நமக்கு டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) கணக்குச் சொன்னால்தான் ஏறும். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் காவிரியின் மொத்தம் 740 டிஎம்சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு என்று எடுத்து வைத்தது 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4. உச்ச நீதிமன்றம் 2018-ல் நமக்கு 404.25 என்றும் கர்நாடகாவுக்கு 284.75 என்றும் மாற்றியபோதும் அந்தப் பத்து அப்படியேதான் இருந்தது. மூன்று மாநிலமும் புதுச்சேரியும் நாற்பது வருஷமாக மல்லுக்கட்டிய கணக்கில், ஒரு முழு ஆற்றுக்கும் அதில் வாழ்கிற சகலத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அந்த 10 டிஎம்சியை வருஷம் முழுக்கச் சீராக விட்டால் எவ்வளவு ஓடும் தெரியுமா? நொடிக்கு 317 கன அடி. உங்கள் ஊர் வாய்க்காலைக் கேட்டால் சிரிக்கும். கொள்ளிடத்தில் லட்சம் கன அடி போகிற நாளில் கொஞ்சத்தைத் தேக்கி வைக்க ஏரி, கதவணை என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அந்த 317-ஐயும் வீண் என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேல்மடைக்காரன் என்றால் நமக்கு உடனே கர்நாடகாதான் ஞாபகம் வருகிறது. 1895-லிருந்து மேற்கே போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வருகிறது, அதில்தான் தேனியும் மதுரையும் நிமிர்ந்தன. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திலும் அப்படித்தான். அதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தவன்தான். ஆனால் அந்த ஆறுகளில் இருக்கிற மீனைக் கேட்டால் மேல்மடைக்காரன் என்று நம்மைத்தான் கை காட்டும்.

கேள்வி: சார், நான் சிவில் இன்ஜினியரிங் மாணவன். சுற்றி வளைக்காமல் ஒரு நம்பர் சொல்லுங்கள். ஆற்றில் எத்தனை சதவீதம் தண்ணீர் விட்டால் மீன் பிழைக்கும்?
(வாசகர், கோவை)

தம்பி, நம்பர் கேட்டால் நம்பர் தருகிறேன், ஆனால் அதைப் பரீட்சையில் எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டென்னன்ட் என்ற அமெரிக்கர் 1976-ல் ஒரு சுலபக் கணக்கு கொடுத்தார். ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீனின் உயிர் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், 30 இருந்தால் பரவாயில்லை, 60 இருந்தால் செழிப்பு. உலகம் முழுக்க இன்னும் அவசரத்துக்கு இதைத்தான் எடுக்கிறார்கள். நம் நாட்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல், எல்லா ஆற்றிலும் வறட்சிக் காலச் சராசரியில் 15 முதல் 20 சதவீதமாவது ஓட வேண்டும் என்றது. 2018 அக்டோபரில் கங்கைக்கு ஒரு அறிவிக்கை வந்தது. அதில் ஹரித்வாருக்கு மேலே நவம்பரிலிருந்து மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை 30 என்று மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அந்த எண்களை விடுங்கள், மாதத்துக்கு மாதம் மாறுகிறது பாருங்கள், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆண்டுச் சராசரி என்பது நம் ஊர் ஆற்றுக்குப் பொருந்தவே பொருந்தாத சங்கதி. இரண்டு மாதம் பொங்கி எட்டு மாதம் ஒடுங்குகிற ஆற்றுக்குச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி வருஷத்தில் எந்த நாளிலும் ஓடியே இருக்காது.

மீனுக்குத் தண்ணீரின் அளவைவிட நேரம் முக்கியம் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊரின் ஓரமாக ஓடும் பியூட்டா ஓடை. 1957-ல் மேலே மான்டிசெல்லோ அணை கட்டி, அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு மடை அணை வைத்துப் பக்கத்து மாவட்டத்து வயலுக்கும் ஊருக்கும் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1989 வறட்சியில் கீழ் ஓடை கிலோமீட்டர் கணக்கில் காய்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு ஓடைக் குழு வைத்திருந்தார்கள். குழு, நகராட்சி, பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போயின. அங்கே ஒரு பழைய சட்டம் உண்டு: அணை வைத்திருக்கிறவர் எவரானாலும் அணைக்குக் கீழே இருக்கிற மீன் நல்ல நிலையில் இருக்கும் அளவுக்கு எப்போதும் தண்ணீர் விட வேண்டும். அவ்வளவுதான், ஒரே வாக்கியம். சதவீதம் கிடையாது, "மீன் நல்லா இருக்கா, காட்டு" என்று கேட்கிற சட்டம். 1996-ல் தீர்ப்பு ஓடைக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டில் இன்னும் பத்து வருஷம் இழுக்காமல் 2000-த்தில் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் பீட்டர் மோயில் போன்ற மீன் ஆராய்ச்சியாளர்களைக் கேட்டு எழுதினார்கள். வருஷம் முழுக்க மெல்லிசாக ஒரு ஓட்டம், வசந்தத்தில் நாட்டு மீன்கள் முட்டையிடும் சமயம் சில நாளைக்கு ஒரு வேகத் தண்ணீர், குளிர்காலம் தொடங்கும்போது சால்மனைக் கூப்பிட இன்னொரு தடவை. அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு சின்னத் தடுப்பணையின் பலகைகளைக் கழற்றி வழியும் விட்டுவிடுவார்கள். இதற்காக விவசாயிகளின் பங்கில் பெரிதாக வெட்டு விழவில்லை. சில வருஷத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் நாட்டு மீன்கள் மறுபடி ஆதிக்கத்துக்கு வந்துவிட்டன. அதற்கு முன்னால் ஏறக்குறைய வராமலே போயிருந்த சால்மன், நல்ல வருஷங்களில் நூற்றுக்கணக்கில் ஏறியது.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மீன், எந்த மாதம், எந்தக் கல்லில் முட்டையிடும் என்று கேளுங்கள். இதற்குப் பதில் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. ஆற்றோரம் வலை வீசுகிற பெரியவருக்குத் தெரியும்.

கேள்வி: ஆற்றில் மீன் குறைந்தால் என்ன, மீன்வளத் துறைதான் லட்சக்கணக்கில் குஞ்சு விடுகிறதே?
(வாசகர், ஈரோடு)

குஞ்சு விடுவது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்கு. கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள், தேங்கின தண்ணீரில் நன்றாக வளரும், மீனவருக்கு வருமானம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஓடும் ஆற்றில் வாழ்ந்த மீனுக்கு அது பதில் ஆகாது. தாமிரபரணியில் மட்டுமே இருக்கிற ஒரு கெண்டை இனம் உண்டு, அதன் அறிவியல் பெயரிலேயே தாமிரபரணி இருக்கிறது. அதற்குக் குஞ்சுப் பண்ணை எங்கே இருக்கிறது? ஓட்டம் நின்ற ஆற்றில் தானாகவே பெருகுவது ஜிலேபிக் கெண்டை மட்டும்தான், அதை யாரும் விடவே வேண்டியதில்லை. குடும்பம் காலி செய்த வீட்டில் எலி பெருகினால் வீட்டில் ஆள் இருப்பதாகக் கணக்கெழுத முடியுமா?

கேள்வி: எங்கள் பக்கத்து ஆற்றில் காலையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது, சாயங்காலம் திடீரென்று இடுப்பளவு வரும், ராத்திரி மறுபடி இறங்கிவிடும். மேலே கரண்ட் எடுக்கிறார்களாம். துணி துவைக்கப் பயமாக இருக்கிறது. மீனுக்கும் இதனால் கஷ்டமா?
(வாசகி, கூடலூர்)

அம்மா, முதலில் நீங்கள் பத்திரம். சைரன் கேட்காவிட்டாலும் தண்ணீர் நிறம் மாறினாலோ சருகு திடீரென்று மிதந்து வந்தாலோ உடனே கரை ஏறிவிடுங்கள்.

நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் வந்தது, மாயாறு மின்நிலையம் 1952-ல். மலையின் உயரத்தை அப்படியே மின்சாரமாக்குகிற ஏற்பாடு. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கு போடும்போது தேவை ஏறும், சட்டென்று ஏற்றவும் இறக்கவும் தோதானது நீர்மின்சாரம்தான், அதனால் அப்போது திறப்பார்கள், தேவை இறங்கினதும் மூடுவார்கள். மின்சாரக் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம், ஆற்றுக்குத்தான் ஒரு நாளைக்குள் ஒரு வெள்ளமும் ஒரு வறட்சியும்.

ஒரு தடவை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மின்நிலையத்துக்குக் கீழே (எது என்று வேண்டாம்) விடியற்காலையில் நின்றுகொண்டிருந்தேன். ராத்திரி எப்போதோ கதவை அடைத்திருக்கிறார்கள். கரையோரக் கூழாங்கல் மேடு ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. கல் இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, அதில் இரண்டு கை தண்ணீர், அதற்குள் விரல்நக நீளத்தில் கெண்டைக் குஞ்சுகள் முப்பதோ நாற்பதோ, எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெள்ளம் ஏறும்போது ஓரத்துக்கு ஒதுங்கியவை, அது இறங்கினது தெரியாமல் மாட்டிக்கொண்டவை. துண்டை விரித்து அள்ளி ஆற்றில் விட்டேன். நாலு குழி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மேடு முழுக்கக் குழி.

மாயாறு பாய்கிற பகுதியில் இதைப் பற்றிக் கவலைப்படக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. முதுகில் திமில் வைத்த மாசீர் என்ற பெரிய கெண்டை, 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது, காவிரியிலும் அதன் கிளைகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலில் சேர்த்தது. அது மிஞ்சி இருக்கிற சில இடங்களில் மாயாறு ஒன்று. முட்டை கூழாங்கல்லின்மேல் கிடக்க வேண்டும், அதன்மேல் சுத்தமான தண்ணீர் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரி வற்றி மத்தியானம் காய்ந்த கல்லில் எந்த முட்டை பொரியும்?

மின்நிலையத்தை மூடு என்று யாரும் கேட்கவில்லை. கதவை அரை நிமிஷத்தில் அடைப்பதற்குப் பதில் இரண்டு மணி நேரத்தில் படிப்படியாக இறக்கினால் பெரும்பாலான மீன் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். மூடியிருக்கும் நேரத்திலும் ஒரு குழாய் அளவுக்காவது அடிஓட்டம் விட்டுவைக்கலாம். கீழே ஒரு சின்னத் தேக்கம் கட்டி ஏற்ற இறக்கத்தை அதில் வாங்கிக்கொண்டு சீராக வெளியே விடுவதும் உண்டு. மூன்றும் புதுசு இல்லை, பல நாடுகளில் தினசரி வேலை. நம் ஊரில் கேட்கிறவர்கள் குறைவு, செய்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

கேள்வி: இதையெல்லாம் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறதா, இல்லை பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?
(வாசகர், திருநெல்வேலி)

கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல "அணைக்குக் கீழே மீன் நல்லா இருக்கணும்" என்று நேராகச் சொல்கிற சட்டம் நம்மிடம் இல்லை. 2012-ம் வருஷத்து தேசிய நீர்க் கொள்கை ஆற்றின் ஓட்டத்தில் ஒரு பகுதியைச் சூழலுக்கு ஒதுக்கச் சொல்கிறது, அதுவும் இயற்கையான ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறபடி. அழகான வாக்கியம். ஆனால் கொள்கையை வைத்து யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது.

நிறுத்தக்கூடியது வேறொன்று இருக்கிறது, அது வந்த வழி சுவாரசியம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1941-லிருந்து, 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற மோனோ ஏரிக்குப் போகும் ஓடைகளைத் திருப்பிக் குடித்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்தில் ஏரி 45 அடி இறங்கியது, உப்பு இரண்டு மடங்கானது, ஓடைகளில் மீன் போச்சு. நகரத்திடம் முறையான அனுமதி எல்லாம் பக்காவாக இருந்தது. 1983-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஆறும் ஏரியும் மக்களுக்காக அரசு வைத்திருக்கிற நம்பிக்கைச் சொத்து, எப்போதோ கொடுத்த அனுமதி என்பதற்காக அப்படியே விட்டுவிட முடியாது, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது. இதே தீர்ப்பை நம் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றை ஒரு ஓட்டலுக்காகத் திருப்பிய கமல்நாத் வழக்கில் எடுத்துக்காட்டி, அந்தக் கொள்கை இந்தியாவுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து இது நம் சட்டம். சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இதைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. 2002-ம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது ஊரில் இருக்கிற உயிர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மீன் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? "கெண்டை, கெளுத்தி முதலியன" என்று இருந்தால் உங்கள் ஊர் ஆற்றுக்காக வாதாட ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். எந்த மீன், எந்த மடுவில், எந்த மாதம், எந்த அளவுத் தண்ணீரில் என்று எழுதி வையுங்கள். ஆரஞ்சுப் பழத்தை மாதம் ஒரு தடவை ஓடையில் விட்டு, தேதி போட்டு நோட்டில் குறியுங்கள். மூன்று வருஷத்து நோட்டு இருந்தால் எந்த அதிகாரியும் "இந்த ஓடை எப்போதுமே இப்படித்தான்" என்று சொல்ல முடியாது.

கேள்வி: இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, நீங்கள் மீன் சாப்பிடுவீர்களா மாட்டீர்களா?
(வாசகி, மதுரை)

மதுரையிலிருந்து கேட்கிறீர்கள், அயிரைமீன் குழம்பை மனதில் வைத்துத்தானே கேட்கிறீர்கள்? சாப்பிடுவேன், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். ஆனால் அயிரையை வைகையில் அள்ளிய காலம் போய்விட்டது. அது மணலில் புதைந்து கிடக்கிற மீன். மேலே தண்ணீர் மெலிசாக ஓட வேண்டும், கீழே மணல் இருக்க வேண்டும். வைகையில் இரண்டும் போயின.

எங்கள் வீட்டில் அப்பத்தா இருந்தவரை அயிரையை உயிரோடுதான் வாங்குவார். சட்டியில் தேங்காய்ப் பால் ஊற்றி அதில் விடுவார். மீன் துள்ளித் துள்ளிப் பாலைக் குடித்து வயிற்றில் இருக்கிற மணலை எல்லாம் கக்கும், வெள்ளைப் பாலுக்கடியில் கறுப்பாக ஒரு கோடு படியும். அது முழுக்கக் கக்கி முடிக்கிற வரைக்கும் அடுப்பு பற்ற வைக்க மாட்டார். அப்புறம் கல்லுப்பு போட்டு உரசி, குடல் எடுக்காமல் முழுசாகக் குழம்பில் விழும்.

போன மாதம் நானும் கால் கிலோ வாங்கிவந்து அதே மாதிரி பாலில் விட்டேன். கால் மணி நேரம் ஆயிற்று, பால் பாலாகவே இருந்தது. அடுத்த வாரம் விற்றவரிடம் கேட்டேன். "தொட்டி மீனு சார், மண்ணு எங்கேர்ந்து வரும்?" என்றார்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.